மஞ்சள் இலையும் கறுப்பு எஞ்சினும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துச் சாமாவுக்கும் கொலராடோ மாநிலத்து ஆன்டோனிட்டோவுக்கும் இடையே 64 மைல் நீளத்துக்கு ஒரு மலை ரயில் ஓடுகிறது. கம்ப்ரெஸ் அண்ட் டோல்டெக் என்று பெயர். 1880-இல் போட்ட பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றே அடி. ‘இனி இதனால் பயனில்லை’ என்று ரயில் நிறுவனம் கைகழுவிய பிறகு, இரு மாநில அரசுகளும் சேர்ந்து 1970-இல் இதை விலைக்கு வாங்கின. மாநில எல்லையை 11 முறை தாண்டியும் அலுக்காத இந்த ரயில், 10,015 அடி உயரமுள்ள கம்ப்ரெஸ் கணவாயை ஏறிக் கடக்கிறது. பெரும்பாலும் 1925-இல் செய்த நீராவி எஞ்சின்களே இழுக்கின்றன. செப்டம்பர் கடைசியில் மலையெங்கும் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும்போது சாமாவில் தங்க அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்போது வந்து இறங்குபவர்களில் பலருக்கு ரயிலில் ஏறும் எண்ணமே கிடையாது. அவர்கள் ரயிலைப் படம் எடுப்பவர்கள்.

இலை மஞ்சளாவதன் காரணம் எளிது. பகல் குறுகி இரவு குளிரத் தொடங்கியதும் மரம் பச்சையம் தயாரிப்பதை நிறுத்திவிடுகிறது. அதுவரை பச்சைக்குள் ஒளிந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகள் வெளியே தெரிகின்றன. எந்தத் தேதியில் என்பதுதான் சிக்கல். உச்சியிலுள்ள மரங்கள் முதலில் மாறும். நிறம் மெல்லக் கீழே இறங்கும். ஆஸ்பென் வேரிலிருந்து கிளைத்துப் பெருகும் மரம் என்பதால் ஒரு தோப்பு முழுக்க ஒரே மரமாக இருப்பதுண்டு. யூட்டா மாநிலத்தில் ‘பாண்டோ’ என்ற ஒற்றை ஆஸ்பென் சுமார் 106 ஏக்கருக்குப் பரவியிருக்கிறது. அதனால் ஒரு தோப்பு ஒட்டுமொத்தமாகப் பொன்னாகும். பக்கத்துத் தோப்போ ‘எங்களுக்கு என்ன அவசரம்’ என்று பச்சையாகவே நிற்கும். ஒரு சரிவில் உச்ச நிறம் ஏறக்குறைய ஒரு வாரம் தங்கினால் அதிகம். ஓர் இரவு பலத்த காற்று அடித்தால் அதுவும் இல்லை. அறையை மட்டும் பல மாதம் முன்பே பதிவு செய்தாக வேண்டும். நூறு வயதை எட்டிய எஞ்சின் குறித்த நேரத்துக்குப் புறப்பட்டுவிடுகிறது. மரம்தான் யாருக்கும் கட்டுப்படுவதில்லை.

இலை வாய்த்தாலும் வெளிச்சம் வாய்க்க வேண்டும். ஆஸ்பென் இலை மெல்லியது. பின்னாலிருந்து வெயில் பட்டால்தான் விளக்கேற்றியதுபோல் ஒளிரும். எஞ்சினுக்கோ முன்னாலிருந்து வெயில் வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் எது, பிஸ்டன் எது என்று தெரியாத கரிய பிண்டமாகிவிடும். இரண்டையும் திருப்திப்படுத்தும் சூரியன் இன்னும் உதிக்கவில்லை. இலைக்கு ஏற்ப கேமராவைச் சரிசெய்தால் எஞ்சின் இருட்டில் மூழ்கும். எஞ்சினுக்கு ஏற்பச் செய்தால் மஞ்சள் வெளுத்துப்போகும். போதாக்குறைக்கு ஆஸ்பென் இலையின் காம்பு தட்டையானது. காற்று லேசாக மூச்சுவிட்டாலே இலை படபடக்கும். ஏற்றத்தில் ரயில் நகர்ந்து செல்கிற வேகத்துக்கு நிதானமான ஷட்டரே போதும்; அசையாமல் நிற்கிற மரத்துக்குத்தான் வேகமான ஷட்டர் தேவைப்படுகிறது.

பிறகு புகை. சாமாவிலிருந்து கணவாய் வரை சுமார் 14 மைலுக்கு, மிகச் செங்குத்தான இடங்களில் நூறடிக்கு நான்கடி ஏற்றம். எஞ்சின் மூச்சு வாங்கி ஏறும் இந்தப் பக்கம்தான் படக்காரர்களின் புண்ணியத் தலம். இறக்கத்தில் எஞ்சின் சும்மா உருண்டு வருவதால் புகைபோக்கி வெறுமையாக இருக்கும்; அப்படிப்பட்ட படத்தை எடுத்தவரே இரண்டாம் முறை பார்ப்பதில்லை. அடர்ந்த கரும்புகை என்பது எரிபொருள் சரியாக எரியவில்லை என்பதற்கு அடையாளம். எஞ்சினின் நெருப்பைக் கவனிக்கும் நல்ல ஃபயர்மேனுக்கு அது அவமானம், படக்காரருக்கு அதுவே அழகு. காலைக் குளிரில் நீராவி வெள்ளை வெளேரென்று எழுவதற்கு மட்டும் இரு தரப்பும் சம்மதம். காற்று எதிர்த்திசையில் திரும்பினாலோ புகை அப்படியே படிந்து எஞ்சின், பெட்டி, மரம் எல்லாவற்றையும் மூடிவிடும். புகைப்படம் என்ற பெயருக்கு அப்போதுதான் முழு நியாயம் கிடைக்கிறது. தீப்பொறி எங்காவது பற்றிக்கொண்டதா என்று பார்க்க ரயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன மோட்டார் வண்டி வருவதுண்டு. காட்டைக் காப்பாற்றுவது அதுதான். அதை யாரும் படம் எடுப்பதில்லை.

சாமாவிலிருந்து 17-ஆம் எண் நெடுஞ்சாலை ரயில் பாதையை ஒட்டியும் விலகியும் மேலே ஏறுகிறது. காலை பத்து மணி வாக்கில் ரயில் கிளம்பும்போது கார்களும் கிளம்பும். கார் வெகு எளிதில் முந்திவிடும். அடுத்த வளைவில் இறங்கி ட்ரைபாடை விரித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். வானம் முழுக்க நீலமாக இருக்கும். ஒரே ஒரு மேகம் இருக்கும். ரயில் வளைவில் தலைகாட்டும் நொடியில் அது சூரியனின் மேல் வந்து நிற்கும், கடைசிப் பெட்டி போனதும் விலகும். இதற்கு வானிலை அறிவியலில் விளக்கம் இல்லை. ரயில் படக்காரர்களில் நாத்திகர் குறைவு.

தனியாக வாடகைக்கு எடுத்த படப்பிடிப்பு ரயில்களில் முறை வேறு. நல்ல இடம் பார்த்து ரயிலை நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். ரயில் பின்னோக்கிப் போய், புகை கக்கியபடி மறுபடி வரும்; திருப்தியில்லை என்றால் இன்னொரு முறை வரும். இறங்கியவர்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டி ஓரடி முன்னால் வைப்பவர், தாலி கட்டும் நேரத்தில் மேடையை மறைத்த வீடியோக்காரர் வாங்குகிற வசவை வாங்குவார். அந்த வசவும் உடனே விழாது. ஒலியோடு பதிவு செய்பவர்களும் அங்கே இருப்பதால், ரயிலின் சத்தம் மலைக்கப்பால் ஓயும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கோபத்தை அடக்கிக் காத்திருந்து, ஓய்ந்த பிறகு மொத்தமாகத் திட்டும் நாகரிகம் வேறெங்கும் காணக் கிடைக்காது.

இத்தொல்லைகளிலிருந்து தப்பிய ஒருவர் உண்டு. ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களைப் படம்பிடித்தார். சூரியன் தன் சொல் கேட்காது என்பதால் பெரும்பாலும் இரவிலேயே, தாமே வரிசை வரிசையாகக் கட்டிய ஃபிளாஷ் பல்புகளின் வெளிச்சத்தில் எடுத்தார். கறுப்பு வெள்ளையில் எடுத்த அந்த இரவுப் படங்கள்தான் அவருக்குப் புகழ் தேடித் தந்தன. இலை என்ன நிறத்தில் இருந்தது என்று அவற்றைப் பார்த்த யாரும் கேட்டதில்லை.

ரயிலுக்குள் இருப்பவர்களும் படம் எடுக்கலாம். வளைவுகளில் கடைசிப் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்தால் எஞ்சின் தெரியும். கூடவே அதே எண்ணத்தில் எட்டிப் பார்க்கும் எல்லாக் கைகளும் தெரியும். முழு எஞ்சின் வேண்டுமென்றால் வெளியேதான் நிற்க வேண்டும். ஆனால் முழுத் தூரம் போகிறவர்களுக்கு நடுவழியில் ஓசியர் என்ற இடத்தில் ரயில் நிற்கிறது. அங்கே சூடான மதியச் சாப்பாடு டிக்கெட்டிலேயே அடக்கம். சாலையோரம் நிற்பவருக்கு அது கிடையாது.