வாசற்கதவுக்கு ஏற்ற சாம்பல் நிறம்: நந்தனத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. களமும் சிக்கலும்

ராஜாஜி முதல்வராக இருந்த நந்தன ஆண்டில் (1952-53) பெயர் பெற்ற நந்தனத்தில், முதல் மாடி வீடொன்றின் வாசற்கதவுக்கு எந்தச் சாம்பல் நிறம் பூசுவது என்பதே ஆய்வுப் பொருள். சாம்பல்தானா என்ற கேள்வி இங்கு எழவில்லை. கலங்கரை விளக்கம்-பூந்தமல்லி மெட்ரோ பணியில் கிளம்பும் தூசி எந்தக் கதவையும் சாம்பலாக்கிவிடுவதால், அதையே காசு கொடுத்துச் சீராகச் செய்துகொள்வது என்று குடும்பம் தீர்மானித்துவிட்டது.

2. முன்னோர் வகைப்பாடு

எனாமல் நிறங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 5, சாம்பலைப் பல எண்களில் அடுக்குகிறது: 630 ஃபிரெஞ்சு கிரே, 632 டார்க் அட்மிரல்டி கிரே, 692 ஸ்மோக் கிரே. அட்மிரல்டி என்பது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம். போர்க்கப்பல் நிறக் கதவைத் திறந்து பால் பாக்கெட் எடுக்கலாமா என்பது பற்றித் தரநிலை எதுவும் சொல்லவில்லை. பெயின்டர் மரபில் பிரிவுகள் இரண்டே: லைட்டு, டார்க்கு. நடுவில் ஒன்றைக் கேட்பவரை அவர் மூன்றாம் பிரிவில், அதாவது தொந்தரவு பிடித்த பார்ட்டிகளில், சேர்க்கிறார்.

3. சோதனை

ஷேட் கார்டில் தேர்ந்த ஒரே நிறம் கடையின் எல்.இ.டி.யில் ஒன்றாகவும், மாடிப்படி டியூப்லைட்டில் வேறாகவும், காலை வெயிலில் இன்னொன்றாகவும் தெரிந்தது. வெளிச்சத்தின் அலைநீளக் கலவை மாறினால் நிறம் மாறித் தெரியும் என்கிறது இயற்பியல். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்கிறார் மாமியார்.

4. கண்டுபிடிப்பு

பாரிஸில் கோபலின் திரைச்சீலைக் கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலர் ஷெவ்ரல், கறுப்பு நூல் சோபிக்கவில்லை என்ற புகாரை ஆராய்ந்தார். கோளாறு சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டு 1839இல் நூலே எழுதினார். ஒவ்வொரு நிறமும் தன் எதிர்நிறச் சாயலை அண்டை நிறத்தின்மேல் ஏற்றிவிடும். மஞ்சளுக்கு எதிர் நீலம். ஆகவே வெள்ளிக்கிழமை நிலைப்படிக்கு மஞ்சள் பூசியதும், படியை ஒட்டிய கதவின் அடிப்பாகம் நீலம் பாய்ந்து தெரியும். மஞ்சள் மங்க மங்க, வியாழனுக்குள் பழைய சாம்பல் திரும்பும். குங்குமப் பொட்டுக்கு அருகிலோ அதே சாம்பல் சற்றுப் பச்சையாகும். வாராவாரம் நிறம் மாறும் கதவுக்கு ஷேட் கார்டு எண் கொடுப்பது வீண்.

5. முடிவு

அப்படியானால் கதவின் நிறத்தைத் தீர்மானிப்பவர் மஞ்சள் பூசுகிற மாமியாரே. அவரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. "எதை வேணும்னாலும் பூசுங்க மாப்பிள்ளை, படியில மஞ்சள் எடுப்பாத் தெரியணும்." ஷெவ்ரலின் விதியைத் திருப்பிப் போட்டால் விடை கிடைக்கிறது: சாம்பலுக்கு அருகே மஞ்சள் தூக்கலாகத் தெரியும், சாம்பல் அடர்ந்தால் இன்னும் பளிச்சிடும். எனவே டார்க்கு. பெயின்டரின் இருபிரிவுக் கோட்பாடே போதுமானது என இவ்வாய்வு நிறுவுகிறது. முடிவை அவரிடம் தெரிவித்தபோது, பிரைமருக்கு முன்பணம் கேட்டார்.