ஒக்லஹோமா கடிதம்: சைரன் ஊதினால் வாசலுக்கு

ஒக்லஹோமா சிட்டியில் சனிக்கிழமை நண்பகல் 12 மணிக்கு ஊர் முழுக்க சைரன் அலறும். புதிதாகக் குடிவந்த தமிழர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடுவார். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டும் மெஷினை நிறுத்தக்கூட மாட்டார். அது டொர்னாடோ என்னும் சுழல்காற்றுக்கான எச்சரிக்கையின் வாராந்திர ஒத்திகை. வானம் முறைத்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு ஒத்திகை கிடையாது. ஆகவே சனிக்கிழமை மப்பும் மந்தாரமுமாக இருக்கையில் சைரன் ஊதினால், நிஜமாகவே ஓடலாம்.

நம்மூர்ப் புயல் கண்ணியமானது. வங்கக் கடலில் சில நாள் முன்பே உருவாகி, பெயர் சூட்டிக்கொண்டு, துறைமுகத்தில் கூண்டு ஏற்ற அவகாசம் கொடுத்துவிட்டு வரும். டொர்னாடோவுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. பத்து நிமிட அவகாசம் கிடைத்தாலே பெரிது.

எச்சரிக்கையில் இரண்டு படி உண்டு. முதலில் 'வாட்ச்': நார்மன் நகரிலுள்ள புயல் கணிப்பு மையம், பல கவுண்டிகளுக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) சேர்த்து, பல மணி நேரத்துக்கு விடுப்பது. வந்தாலும் வரலாம், உஷார். அடுத்தது 'வார்னிங்': ரேடாரில் சுழற்சி தெரிந்தாலோ, யாராவது கண்ணால் கண்டு சொன்னாலோ உள்ளூர் வானிலை அலுவலகம் விடுப்பது. 2007 வரை கவுண்டி மொத்தத்துக்கும் விடுத்தார்கள். இப்போது புயல் போகும் வழியை மட்டும் பலகோணமாக வரைந்து, அதற்குள் இருப்பவர்களின் செல்போனை அலறவிடுகிறார்கள்.

ஒரு காலத்தில் வானிலைத் துறை தன் கணிப்புகளில் 'டொர்னாடோ' என்று எழுதவே தயங்கியது. ஜனங்கள் பீதியடைவார்களாம்! அந்தத் தயக்கத்தை உடைத்தது ராணுவம். 1948 மார்ச் 20 இரவு இங்கேயுள்ள டிங்கர் விமானப்படைத் தளத்தில் பணியில் இருந்தவர் ராபர்ட் மில்லர். கலிஃபோர்னியாக்காரர், ஊருக்குப் புதுசு. பலத்த காற்று வீசும், அவ்வளவுதான் என்றார். டொர்னாடோ வந்து விமானங்களை நொறுக்கிவிட்டுப் போனது. அவரும் மேலதிகாரி எர்னஸ்ட் ஃபாபுஷும் பழைய வரைபடங்களைத் தோண்டி எடுத்து உட்கார்ந்தார்கள். ஐந்தாம் நாள் வானம் அதே ஜாடை காட்டியது. துணிந்து 'டொர்னாடோ' என்றே எழுதினார்கள். விமானங்களைப் பத்திரப்படுத்தினார்கள். அன்று மாலையே அதே தளத்துக்கு அது மறுபடியும் வந்தது. முதல் கணிப்பே பலித்த ஜோசியர் எத்தனை பேர்?

ஆனால் இன்றும் பத்து வார்னிங்கில் ஏழு பொய்த்துப் போகிறது. அதனால்தான் சைரன் கேட்டதும் அசல் ஒக்லஹோமாக்காரர் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்கிறார். பிறகு டிவி. 2013 வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் புயல் சொன்ன கேரி இங்கிலாந்து இங்கே சினிமா நட்சத்திரம் மாதிரி இருந்தார். அவர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகள் வரும்போதெல்லாம் ஒரு மிடறு குடிக்கும் விளையாட்டையே பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள்.

சிரிப்பு எல்லா நாளும் செல்லாது. 1999 மே 3 அன்று அருகிலுள்ள மூர் நகரை நோக்கி வந்த டொர்னாடோவுக்கு வெறும் வார்னிங் போதாதென்று, 'டொர்னாடோ எமர்ஜென்சி' என்ற புதிய அறிவிப்பையே நார்மன் வானிலை அலுவலகம் அந்த நேரத்தில் உண்டாக்கியது. அப்படியும் 36 பேர் இறந்தார்கள். 2013 மே 20 அன்று அதே மூரில் 24 பேர். பதினொரு நாள் கழித்து எல் ரீனோவில் நாலு கிலோமீட்டருக்கும் அதிக அகலத்தில் ஒன்று கிளம்பியபோது, மூரைப் பார்த்து மிரண்டவர்கள் காரில் தப்பப் பார்த்தார்கள். நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டது. டொர்னாடோ வரும்போது மாட்டிக்கொள்ளக் கூடாத இடங்களில் முதலிடம் காருக்குத்தான்.

எனவே பலரும் கார் ஷெட் தரைக்கு அடியில் இரும்புப் பெட்டி மாதிரி ஒரு பதுங்கறை போட்டிருக்கிறார்கள். மற்ற நாட்களில் அதில் பழைய பெயின்ட் டப்பா, கிறிஸ்துமஸ் மரம். தமிழ் வீடென்றால் அரிசி மூட்டை. அந்த அறை எங்கே இருக்கிறதென்று நகராட்சியில் பதிவு செய்துவைக்கலாம். வீடு அதன்மேல் சரிந்துவிட்டால், மீட்க வருபவர்களுக்கு எங்கே தோண்டுவதென்று தெரிய வேண்டுமே.