‘வூட்ல சொல்லிக்கினு வந்தியா?’ – ஓர் உரை விளக்கம்

சென்னைப் பட்டணத்தின் சாலையொன்றைக் கடக்கப் புகுந்து, போவதா நிற்பதா என்று நடுவழியில் தயங்கியவர் எவராயினும், தம்மை உரசினாற்போல் விரைந்த வாகனத்திலிருந்து, “சாவுகிராக்கி! வூட்ல சொல்லிக்கினு வந்தியா?” என்னும் திருவாக்கைச் செவிமடுத்தே இருப்பார். கைரிக்‌ஷா 1973ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டு, சைக்கிள் ரிக்‌ஷாவும் அருகி, ஆட்டோ ராஜ்யம் நடக்கிற இக்காலத்தும் வழக்கொழியாத இவ்வாக்கியத்துக்கு உரை வகுக்க ஒருவரும் முன்வராதது பண்டித உலகத்துக்கு ஒரு களங்கமேயாகும்.

முதற்கண் விளியை நோக்குவோம். கிராக்கியென்பது வாடிக்கைக்காரன். சாவுகிராக்கியைச் ‘சாவு வந்த கிராக்கி’ என விரித்தால் நாம் வண்டிக்காரருடைய வாடிக்கை. ‘சாவுக்குக் கிராக்கி’ என நான்காம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் எமனுடைய வாடிக்கை. நாம் அவ்வண்டியில் ஏறவுமில்லை, கூலி பேசவுமில்லை. ஆதலின் பின்னதே பொருத்தம்.

இனி வினா. சொல்லிக்கொண்டு வருதலாவது விடைபெற்று வருதல். வீட்டிலிருந்து புறப்படுகிற தமிழர் “போகிறேன்” என்னாது “போய் வருகிறேன்” என்பதே மரபு. அவ்வாக்கில் ‘வருகிறேன்’ என்ற பகுதி பொய்த்துப்போவது திண்ணம் என்று கண்டுகொண்ட ஓட்டுநர், ‘போய்’ என்ற பகுதியாவது முறைப்படி சொல்லப்பட்டதா என்று பரிவோடு விசாரிக்கிறார். வீடு என்பதற்கு மோட்சம் என்றும் பொருளுண்டு. வீட்டுக்குப் போகிறவனிடம் வீட்டில் சொன்னாயா என்று கேட்கும் இச்சிலேடையை அவர் அறிந்தே அமைத்தார் என்று யான் சாதிக்க மாட்டேன். ஆனால் மகாகவிகளின் சிலேடைகளிலும் பாதி உரைகாரர் கண்டெடுத்தவையல்லவா?

இலக்கணத்தில்தான் இடர்ப்பாடு. நன்னூலார் வகுத்த அறுவகை வினாவில் இதனை அறியாவினா என்போமாயின், கேட்டவர் பதிலுக்குக் காத்திருத்தல் வேண்டும்; இவரோ நாம் வாய் திறக்குமுன் அடுத்த சிக்னலைத் தாண்டியிருப்பார். ஏனையவும் பொருந்தா. ஆழ்ந்து பார்க்குமிடத்து இது வினாவே அன்று. எண்வகை விடையுள் ‘உறுவது கூறல்’ என்னும் விடையாம். கடக்கலாமா என்று கேட்டது நம் கால். அதற்கு மேல் விளையப்போவதைக் கூறியது அவர் வாய்.

சிலர் இறுதியில் “கஸ்மாலம்” என்றும் சேர்ப்பர். முகம் சுளித்தல் வேண்டா. போர்க்களத்தின் நடுவே தயங்கி நின்ற அர்ஜுனனைக் கடிந்துரைக்கையில், கடிவாளம் பிடித்த பகவான் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் ஆண்ட சொல் அதுவே. அந்தச் சாரதியே திருவல்லிக்கேணியில் கோயில் கொண்டிருக்க, அவ்வூர்ச் சாரதிகள் நட்டநடுவில் தயங்குவோரை அங்ஙனம் அழைப்பது குருபரம்பரையின்பாற்படும். அர்ஜுனனுக்கு அதன்பின் விளக்கம் பெறப் பதினாறு அத்தியாயங்கள் மீதமிருந்தன; நமக்கோ முதுகுக்குப் பின்னால் 29சி பேருந்து வந்துகொண்டிருக்கும்.