சாயம் போகுமா?

எங்கள் சிறு வயதில், மதுரைச் சிம்மக்கல்லில், கை வைத்த பனியனோடு ஒருவர் தெருவில் நடந்தால் அவர் வேலையில் இருக்கிறார் என்று பொருள். யானைக்கல் மண்டியில் வாழைத்தார் இறக்குகிறவர், பரோட்டாக் கல்லின் முன் நிற்கிறவர், ஆர்வி மில் சங்கு ஊதியதும் சைக்கிளை மிதித்து வீடு திரும்புகிறவர், எல்லோர் உடம்பிலும் அதுதான். தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது பனியன் போதும். சம்பந்தி வீட்டு ஆள் தெருமுனையில் தெரிந்துவிட்டால் ஆணியில் தொங்கும் சட்டையைத் தேடிக் கை போகும். பனியனோடு விருந்தாளியை வரவேற்பது மரியாதைக் குறைவு.

இன்று அதே பனியன், கழுத்தில் மூன்று பொத்தான்களோடு, காப்பிக்கொட்டை நிறத்திலும் பாசி நிறத்திலும் பெரிய கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறது. 'விண்டேஜ்' என்று அட்டை கட்டியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பையன் அதைப் போட்டுக்கொண்டு கல்யாண வரவேற்புக்கே போகிறான். யாரும் முகம் சுளிப்பதில்லை. எனக்கு இதில் உண்மையான சந்தோஷம். சித்திரை வெயிலில் மதுரையில் நடமாட இதைவிட ஏற்ற துணி கிடையாது. மூட்டை தூக்குகிறவருக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த சுகம் இப்போது எல்லோருக்கும் வந்திருக்கிறது.

உடுப்பு திரும்பி வந்துவிட்டது. அதை வாங்குகிறவர் முன்பு கேட்ட கேள்விகள் திரும்பி வரவில்லை. என் ஆதங்கம் அதைப் பற்றித்தான்.

சிம்மக்கல்லிலிருந்து வடக்கு மாசி வீதிப் பக்கம் போகும் வழியில் ஒரு ஜவுளிக்கடையில் சித்தப்பா கணக்கு எழுதினார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய் உட்கார்வது அங்கேதான். எழுபதுகளின் கடைசி. வாங்க வந்தவர்கள் பேசுவதைக் கேட்பதே பொழுதுபோக்கு. மேலூரிலிருந்தும் சோழவந்தானிலிருந்தும் வருகிற பெண்கள் சேலையைப் பிரித்ததும் நிறத்தைப் பார்க்க மாட்டார்கள். முந்தானை ஓரத்தை எச்சில் தொட்டு நனைத்து, வேட்டி நுனியிலோ உள்ளங்கையிலோ தேய்த்துப் பார்ப்பார்கள். அப்புறம்தான் வாய் திறக்கும்.

"ஏண்ணே, சாயம் போகுமா?"

"மொதத் தண்ணியில கொஞ்சம் விடும்த்தா. கல்லுப்பு போட்டு ஊற வச்சு அலசுங்க."

"போச்சுன்னா இங்கிட்டுத்தான் தூக்கிட்டு வருவேன்."

"தாராளமா வாங்க. நான் எங்கிட்டுப் போகப் போறேன்?"

வந்தும் இருக்கிறார்கள். அடுத்த திருவிழாவுக்கு வரும்போது மறக்காமல் பழைய சேலையைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, கடை நிறைய ஆள் இருக்கும் நேரம் பார்த்து விரித்துக் காட்டுவார்கள். கடைக்காரர் பேசாமல் வேறு சேலை எடுத்துக் கொடுப்பார். பனியனுக்கு வேறு கேள்வி: "சுருங்குமா?" தொண்ணூறு அளவுக்காரர் தொண்ணூற்றைந்து வாங்குவார். அதில் அனுபவம் இருந்தது. பின்னலாடை நெய்த துணி மாதிரி இல்லை. ஒரே நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு போவது. எந்திரத்தில் இழுபட்டு நிற்கும் கண்ணி, தண்ணீர் பட்டதும் தளர்ந்து தன் இயல்பான அளவுக்கு ஒடுங்கும். இப்போது திருப்பூரில் காம்பாக்டிங் பட்டறைகள் அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே எடுத்துவிடுகின்றன. அன்றைக்கு அந்த வேலையை வாங்குகிறவரின் கணக்குத்தான் செய்தது.

சுங்குடியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அது எங்கள் ஊர்ச் சரக்கு. நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து குடியேறிய சௌராஷ்டிரர்கள், மகாலைச் சுற்றிய தெருக்களில் நெசவும் சாயமுமாக வளர்த்தெடுத்த தொழில். மெல்லிய பருத்தித் துணியை மடித்து, புள்ளி விழ வேண்டிய இடத்தில் நகத்தால் துளியூண்டு துணியைக் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. கட்டுவது பெண்கள், சமையலும் பிள்ளையும் போக மிச்ச நேரத்தில். பிறகு துணி சாயத்தில் இறங்கும். முடிச்சுக்குள் ஒளிந்த இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்தபின் பிரித்தால் வெள்ளைப் புள்ளி. எந்த இரண்டு புள்ளியும் ஒன்றுபோல் இருக்காது. கட்டு கொஞ்சம் தளர்ந்த இடத்தில் சாயம் கசிந்து விளிம்பு மங்கியிருக்கும். முடிச்சு இருந்த இடம் சின்னக் கொப்புளமாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

சாயவேரும் அவுரியும் போய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனிக்காரர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த அலிசரின் சாயங்கள் வந்தபோது மதுரைச் சாயக்காரர்கள் அவற்றையும் கற்றுக்கொண்டார்கள். வைகை ஓடியவரை அதன் தண்ணீரில் அலசி, வற்றியபோது அதன் மணலில் சேலைகளை விரித்துக் காயவைத்தார்கள். பாலத்தின் மேல் நின்று பார்த்தால் ஆறு முழுக்க அரக்கும் மயில் கழுத்து நிறமும் நீண்டு கிடக்கும்.

அந்தச் சேலை யாருக்கு? கர்ப்பிணிக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, வெயில் தாங்காத பாட்டிக்கு. வீட்டில் கட்ட. விசேஷத்துக்குக் கட்டினால், "பெட்டியில வேற ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுவிடுவார்கள். என் அம்மா மொட்டைமாடியில் கஞ்சி போட்டுக் காயவைக்கும் சுங்குடியை, நைலக்ஸ் கட்டத் தொடங்கிவிட்ட அத்தை 'கிழவி சேலை' என்றே சொல்வாள். மழைபோல் வழுக்கும் நைலக்ஸுக்கு இஸ்திரி வேண்டாம், கஞ்சி வேண்டாம், சாயம் போகாது. வேலைக்குப் போகத் தொடங்கிய பெண்களுக்கு அது பெரிய விடுதலை. அந்த அத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். காலையில் அரை மணி நேரம் மிச்சப்படுவது அவளுக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்குத் தெரியும்.

விலை குறைக்க வேண்டிய கட்டாயத்தில் சுங்குடியும் மாறியது. முடிச்சு போடும் இடத்தில் மெழுகு அச்சு வந்தது, பிறகு ஸ்கிரீன் அச்சு வந்தது. முடிச்சின் ஞாபகமாகப் புள்ளி மட்டும் தங்கியது. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பெயரில் கடைகளில் அடுக்கியிருக்கும் சேலைகளில் கையால் முடிச்சுப் போட்டதைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது கடைகளில் காதைத் திறந்து வைத்தால் பேச்சு வேறு மாதிரி. "எங்க ஆத்தா கட்டுவாங்கள்ல, பெரிய புள்ளி, அரக்குல, அந்த மாதிரி காட்டுங்க." "கறுப்பு ஜாக்கெட்டுக்கு எடுக்குமா?" "படத்துல நல்லா விழுமா?" அம்மாவின் சேலையைக் கிழவி சேலை என்ற தலைமுறையின் பேத்திகள் அதைத் தேடி வருகிறார்கள். அலுவலகத்துக்குக் கட்டுகிறார்கள், சட்டையாகத் தைத்துக்கொள்கிறார்கள், ஆண்பிள்ளைக்குக் குர்தா வெட்டுகிறார்கள். இதைப் பார்க்க அம்மா இல்லையே என்று இருக்கிறது. ஆனால் ஒரு நாள் விற்பனைப் பெண் அசல் முடிச்சுச் சேலை ஒன்றை எடுத்துப் போட, வாங்க வந்தவர் தடவிப் பார்த்துவிட்டு, "இது என்ன இப்படிக் கசங்கியிருக்கு? பிரஷ்ஷா ஒண்ணு காட்டுங்க" என்று தள்ளிவிட்டார். கசங்கல் என்று அவர் நினைத்தது முடிச்சு நின்ற தடம். குஜராத்துப் பந்தனியை முடிச்சு அவிழ்க்காமலே விற்பது உண்டு, கைவேலைக்கு அதுவே சாட்சி. இங்கே சாட்சியைக் குறையாக எண்ணிவிட்டு, வழவழப்பான அச்சுச் சேலையைப் பாரம்பரியம் என்று வாங்கிப் போனார். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாததுதான் காரணம்.

ஸ்வெட்டரிலும் இதே கதை. மதுரைக்காரர்களுக்கு ஸ்வெட்டர் என்றால் கொடைக்கானல். தையல் வகுப்பில் ஊசியும் ஊல் நூலும் பிடிக்கப் பழகிய அக்காமார்கள் பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தொப்பியும் காலுறையும் பின்னி வைப்பார்கள். பெரியவர்களுக்கு வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ ஸ்வெட்டர், மலைக்குப் போகிறவர் மாற்றி மாற்றி இரவல் வாங்கிப் போவார். வளர்ந்த பிள்ளையின் ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை அலசிச் சுற்றி, அடுத்த பிள்ளைக்குப் பின்னுவார்கள். ஒரே நூல் என்பதால் அது முடிந்தது. இன்று சடை சடையாகப் பின்னல் தெரியும் பழைய மோஸ்தர் ஸ்வெட்டர் மறுபடி கேட்கப்படுகிறது. பலவற்றில் கம்பளி துளியும் இல்லை, முழுக்க அக்ரிலிக். உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் படிக்கிறவர் குறைவு.

நான் மிகவும் யோசிக்கிற இடம் இனிமேல்தான். அந்தக் காலத்துப் பெண்கள் சாயம் போகுமா என்று பயந்து கேட்டார்கள். இப்போது சாயம் போனதுபோல இருந்தால் அதற்குத் தனி விலை. தோளிலும் தையல் ஓரத்திலும் வெளுத்து, பத்து வருடம் உழைத்த தோற்றத்தோடு புதுப் பனியன் வருகிறது. ஏற்றிய சாயத்தை மறுபடி நொதி போட்டு அலசி எடுக்கிறார்கள். ஏற்றவும் தண்ணீர், இறக்கவும் தண்ணீர். தாத்தாவின் பனியன் அந்த வெளிறலை வெயிலிடமும் வேர்வையிடமும் சும்மா வாங்கியது. கடைசியில் அது அடுப்படியில் கரித்துணியாகிச் சட்டி இறக்கும்.

அலசிய தண்ணீர் எங்கே போயிற்று என்பதற்கு நொய்யல் ஆறு பதில் வைத்திருக்கிறது. எழுபதுகளின் இறுதியில் வெளிநாட்டு வியாபாரிகள் வரத் தொடங்கியதும் திருப்பூர் உள்ளாடை ஊர் என்ற நிலையிலிருந்து ஏற்றுமதி நகரமாக வளர்ந்தது. லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேருந்து ஏறிப்போய் ஓவர்லாக் எந்திரத்தில் உட்கார்ந்தவர்களை எனக்கே தெரியும். அதே காலத்தில் சாயக்கழிவு நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர் தேங்கும் குட்டையானது. கீழே கரூர் வரை வயல்காரர்கள் பாடுபட்டார்கள், வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டோடுதான் அவை மறுபடி இயங்க முடிந்தது. அந்தச் செலவைத் தாங்கிக்கொண்டு நேர்மையாக நடத்துகிற பட்டறைக்கும், இரவில் குழாயைத் திறந்துவிடுகிறவனுக்கும் கடைக் கண்ணாடிக்கு இப்பால் நிற்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

கேட்கத் தெரியாத ஊரா மதுரை? அழகர் ஆற்றில் இறங்கும் விடியலில் இந்த ஊர் முழுவதும் கரையில் நின்று, என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்றுதான் முதலில் எட்டிப் பார்க்கும். பச்சை என்றால் அந்த வருஷம் செழிப்பு. துணியில் ஒரு வருஷத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள், கையில் எடுத்த சேலையில் ஒரு பெண்ணின் ஒரு மாத உழைப்பைப் படிக்க முடியாதா? சேலையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நிறம் வெளிறித் தெரிந்தால் மேலோட்டமாக அடித்த அச்சு. விரலை ஓட்டிப் பாருங்கள், கையால் முடிச்சுப் போட்டது என்றால் கொப்புளம் தட்டுப்படும். புள்ளிகளின் வரிசை இம்மி பிசகாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். விலை கூடுதலாகச் சொன்னால், முடிச்சுக்கு என்ன கூலி கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். கடைக்காரருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

போன சித்திரைக்கு முந்திய வாரம், மகால் பக்கத்துக் கடை ஒன்றில் ஒரு கல்லூரிப் பெண் அப்படிக் கேட்டாள். நான் பக்கத்தில் வேறு சேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சேலையின் பின்பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அண்ணே, இது யாரு கட்டினது?" என்றாள். கடைக்காரர் முதலில் சிரித்தார். அவள் விடவில்லை. "பார்க்கலாமா? எங்க வீட்டுல ஆச்சி கட்டுவாங்களாம், எனக்குக் கத்துக்கணும்." அவர் போனை எடுத்து, வில்லாபுரம் பக்கம் யாரையோ சௌராஷ்டிரத்தில் கூப்பிட்டுப் பேசிவிட்டு அவளிடமே கொடுத்தார்.

"அக்கா, ஞாயித்துக்கெழம வரட்டுமா? சாயங்காலம்?"

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்கிற அளவுக்குச் சத்தமாகவே வந்தது. "சாயங்காலம் வேணாம்மா, கண்ணு தெரியாது. காலையில பத்து மணிக்கு வந்துரு. நகத்த மட்டும் வெட்டிட்டு வந்துராத."