தீவில் ஒரு மோமோ

கேள்வி: போர்ட் பிளேர் போயிருந்தோம். ஓர் உணவகத்தில் ‘இந்திய, இமாலய உணவுகள்’ என்று பலகை. நடுக்கடலில் இமயமலைக்கு என்ன வேலை?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறது! வடகிழக்கில் வளைந்து, மியான்மரின் அரக்கான் மலைகளாக இறங்கி, கடலில் முங்கிய மலைத்தொடர் மறுபடி தலை நீட்டும் இடம்தான் அந்தமான் என்கிறது புவியியல். உயரம்தான் கொஞ்சம் குறைச்சல். எவரெஸ்ட் 8,849 மீட்டர். அந்தமானின் சேடில் சிகரம் 732 மீட்டர். உங்கள் சிறுமலையே இதைப் பார்த்துச் சிரிக்கும்.

பலகையைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஊரே 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பலகை மாற்றிக்கொண்டதே! வங்காளிகள், நம்மவர்கள், ராஞ்சிப் பக்கத்துப் பழங்குடியினர், 1925-ல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் அருகே குடியேறிய கரேன் மக்கள் என்று எல்லாருடைய அடுப்பும் எரிகிற தீவு அது. திபெத்திய மோமோ மட்டும் என்ன பாவம் செய்தது?

ஆனால் ஒன்று. மோமோவின் மைதா சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கப்பலில் வர வேண்டும். மீனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை; கரைக்கு வந்தால் போதும். எனவே உள்ளே மீன் வைத்த மோமோ கிடைத்தால் விடாதீர்கள். துக்பா, பனியில் நடுங்குகிறவர்களுக்காகப் பிறந்த சூப். அந்தமான் புழுக்கத்தில் அதைக் குடித்தே தீருவேன் என்றால், மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடியுங்கள்.