ஜிலேபி கெண்டையின் மரண விசாரணை

வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரை 1927-இல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து, அந்த ஊரின் குழாய்நீர் பிற்காலத்தில் ஒரு மொட்டைமாடியில் பதினோரு மீன்களின் மரணத்துக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுமென்று சொப்பனத்திலும் எண்ணியிருக்க மாட்டார். ஏற்றியவன் அடியேன்.

ஐந்நூறு லிட்டர் தொட்டியில் இருபது ஜிலேபி கெண்டை; மேலே சல்லி நிரப்பிய தட்டில் பொன்னாங்கண்ணி; இரண்டுக்கும் இடையே ஒரு சிறு மோட்டார். மீனின் கழிவைக் கீரை உண்ணும், கீரை தெளிவித்த நீரில் மீன் வாழும், காலக்கிரமத்தில் இரண்டையும் நான் உண்பேன் என்பதே இதன் தத்துவம். 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது முதல் குளம், குட்டை, உப்பங்கழி என்று பேதமில்லாமல் பரவி, சாக்கடையிலும் சம்சாரம் நடத்தும் அந்த ஜீவன், சர்வ உபசாரங்களோடு என் வீட்டில் வைத்தபோது மட்டும் ஒன்பதாம் நாள் முதல் மல்லாந்து மிதக்கத் தொடங்கியது.

குளோரினைச் சந்தேகித்து, நீரை இரண்டு நாள் திறந்து வைத்த பிறகே தொட்டியில் ஊற்றினேன், மீன் செத்தது. சூடேறிய நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும் என்று படித்து, ஓலைப்பந்தல் போட்டுக் காற்றுக்குழாயும் விட்டேன். பந்தல் நிழலில் செத்தது. என் மனையாளோ விஞ்ஞானத்தின் தோல்வியைக் கௌரவமாக மௌனத்தில் கடந்து, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொட்டியின் விளிம்பில் தொங்கவிட்டாள்.

1961-இல் முடிந்த கடைசி முத்துச் சலாபத்தில் குளித்ததாகச் சொல்லும் பக்கத்து வீட்டுப் பெரியவர், துக்கம் விசாரிக்க வந்தார். "பார்ல இந்த வருசம் சிப்பி அப்பிக் கிடக்கும் தம்பி, மறுவருசம் முங்கிப் பாத்தா வெறும் மணலு. கடல்கிட்ட யாரு போயி காரணம் கேக்க?" என்றார். சென்னை அரசாங்கம் கேட்டுத்தான் பார்த்தது: ஹார்னெல் என்னும் நிபுணர் மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களை ஆராய்ந்து 1905-இல் அறிக்கையே எழுதினார். அவ்வளவு பெரிய கடலுக்கே ஓர் அறிக்கை போதுமானால் என் தொட்டிக்கு என்ன குறை என்று நான் நோட்டுப் புத்தகத்தைத் தேடுகையில், பெரியவர் செத்த மீனின் செவுளை நகத்தால் விலக்கினார். "மாசிக் கருவாடு நெறத்துல இருக்கே. இது மூச்சு முட்டிச் செத்திருக்கு." காற்றுக்குழாய் குமிழிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது.

விசாரணையை முடித்துவைத்தவன், மீன்வளக் கல்லூரியில் படிக்கும் என் தமக்கை மகன்.

"சல்லியக் கழுவுனீங்களா மாமா?"

"வெள்ளிக்கிழமைதோறும், குழாயைத் திறந்துவிட்டு, தேங்காய்நார் போட்டுத் தேய்த்து!" என்றேன், கர்வத்தோடு.

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். மீனின் கழிவிலுள்ள அமோனியாவை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக்கும். அதை மற்றொரு வகை, கீரைக்கு உகந்த நைட்ரேட்டாக்கும். இவ்விரு குலங்களும் சல்லியின் வழவழப்பில்தான் குடியேறும். குடும்பம் பெருக நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். அந்த வழவழப்பை அழுக்கென்று கருதி, வாரந்தோறும் குளோரின் அபிஷேகம் செய்து வம்சநாசம் பண்ணியிருக்கிறேன். தேங்கிய நைட்ரைட்டு மீனின் இரத்தத்தில் ஏறி, அதைப் பழுப்பாக்கி, பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைப் பறித்துவிடுமாம். வெயிலையும் குரூஸ் பர்னாந்தையும் சந்தேகித்த நான், வாளியோடு நின்ற ஆசாமியை மட்டும் விட்டுவிட்டேன்.

"பாதித் தண்ணியை மாத்துங்க, தீனியை நிறுத்துங்க, அரைக் கிலோ கல்லுப்பைக் கரைச்சு விடுங்க. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட்டைச் செவுளுக்குள்ள ஏறவிடாது. அதுக்கு மேல போட்டா கீரை வாடிரும்."

கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம் விரிந்த ஊரில் மருந்தைத் தேடி நான் போகாத கடையில்லை! அடுக்களைக்குக் குரல் கொடுத்தேன். கல்லுப்பை நிறுத்துக் கொண்டுவந்த மனையாள், தொட்டிக்குள் அது கரைவதையும், எஞ்சிய ஒன்பது மீன்களையும், ஓரத்தில் தொங்கிய மிளகாயையும் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, புளியும் கரைச்சு எடுத்துட்டு வரட்டுமா?"