பற்சக்கரப் புணரியல்: ஐரோலி ஜீப் ஒன்றை முன்வைத்து

பாயிரம்

ஆக்கியோன், பள்ளியில் நன்னூல் ஒப்பிக்க முடியாமல் பெஞ்சின் மேல் நின்றவன். எல்லை, வடக்கே திகா, தெற்கே ரபாலே, மேற்கே தாணே கழிமுகம், கிழக்கே தாணே–பேலாப்பூர் சாலை. அதாவது நவி மும்பையின் ஐரோலி. நுதலிய பொருள், பழைய ஜீப் ஒன்றில் கியர் விழ மறுப்பது. கேட்போர், பக்கத்து இருக்கையில் அமர்ந்துவிட்டு நடுவழியில் இறங்க முடியாதவர்கள். பயன், அறம் பொருள் இன்பம் வீடு என்ற நான்கில் கடைசியானது: வண்டி வீடு வந்து சேர்தல்.

வண்டி மரபு

இது காடும் சேறும் கடக்கப் பிறந்த குலம். இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ் ஜீப் என்று பேர் வாங்கியது. 1947இல் மும்பையிலேயே அதைப் பூட்டத் தொடங்கினார்கள். அடியேனுடையது அந்த வம்சத்தின் கடைக்குட்டி. முன்னே போக மூன்று கியர், பின்னே வர ஒன்று. நான்கு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் குட்டிக் கம்பி ஒன்றும் உண்டு. அதில் குடை மாட்டுகிறோம்.

மலையேற வேண்டிய இவ்வண்டி ஏறும் ஒரே ஏற்றம் முலுண்டுக்குப் போகும் ஐரோலிப் பாலம். அங்கே சுங்கச்சாவடி வரிசையில் ஒன்று, நியூட்ரல், ஒன்று, நியூட்ரல் என்று போட்டுத்தான் கியர் கெட்டது என்பது தொடக்கத்தில் அடியேனின் கொள்கை. 2024 அக்டோபரில் சிறுவண்டிகளுக்குச் சுங்கம் நீங்கியது. கியர் இளகவில்லை. கொள்கை கைவிடப்பட்டது.

எழுத்தும் ஒலியும்

கியரின் குணம் மூவகை. இஞ்சின் ஓடும்போது எந்த கியரும் விழாமல் முரண்டு பிடித்தால் வல்லினம். தொட்டாலே விழுந்து, பள்ளத்தில் தானே கழன்று, கம்பி கையில் தொளதொளத்தால் மெல்லினம். புஷ் தேய்ந்தது என்க. காலையில் முரண்டிவிட்டு, பெட்டி சூடானதும் வழிக்கு வந்தால் இடையினம். எண்ணெயைப் பார்க்க என்க. அடியேனுடையது வல்லினம்.

கூடவே ஓர் ஒலியும் எழுந்தது: 'கர்ர்ர்'. இது இலக்கணப் பிழை. தமிழில் ரகர மெய் தன்னோடு தான் மயங்காது. இரட்டித்து வரவே வராது. வண்டி அதை மும்மடங்காக இரட்டித்தது. இலக்கணம் மீறிய இடத்தில்தான் நோய் இருக்கும் என்று அடியேனின் ஆய்வு சூடு பிடித்தது.

புணர்ச்சி

ஒரு சொல்லின் ஈறும் அடுத்த சொல்லின் முதலும் சேர்வது புணர்ச்சி. கியர்பெட்டிக்குள் நடப்பதும் அதுவே. சக்கரத்தோடு சேர்ந்து சுழல்வது நிலைமொழி. இஞ்சின் பக்கமிருந்து சுழன்று வருவது வருமொழி. இரண்டின் வேகமும் ஒத்தால் பல்லும் பல்லும் இயல்பாகச் சேரும். ஒவ்வாவிட்டால் விகாரம். விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். தோன்றல், மேற்படி ஒலி. திரிதல், பல்லின் முனை மழுங்குவதோடு, உதிரிப்பாகம் தேடி உரிமையாளர் குர்லா பழைய சாமான் கடைகளில் திரிவதும் ஆம். கெடுதல், மாதச் சம்பளம்.

ஒவ்வாத இரண்டை ஒத்துப்போக வைக்கத் தமிழ் கண்ட உபாயம் உடம்படுமெய். ஐரோலி + இல் என்பதில் இகரமும் இகரமும் முட்டிக்கொள்ளும்; நடுவே ஒரு யகரம் புகுந்து 'ஐரோலியில்' என்று சமாதானம் செய்கிறது. குர்லா + இல் என்றால் வகரம் வந்து 'குர்லாவில்'. வண்டியில் இவ்வேலையைச் செய்வது சிங்க்ரோ என்ற பித்தளை வளையம். பல்லும் பல்லும் சந்திக்கும் முன் அது கியரின் கூம்பில் உரசி வேகத்தைச் சமன் செய்கிறது. பிறகே வழி விடுகிறது.

1890களில் பிரான்சின் லெவாசோர் கியர்ச் சக்கரங்களை நகர்த்தி நேராக முட்ட வைத்தார். முரட்டுத்தனம்தான், ஆனால் ஓடுகிறதே என்று அவரே சொன்னதாகப் பேச்சு. கார்களுக்கு உடம்படுமெய் வர 1928 ஆயிற்று. அமெரிக்காவின் காடிலாக்கில் வந்தது. நன்னூல் செய்த பவணந்தி முனிவரோ 13ஆம் நூற்றாண்டிலேயே அதற்குச் சூத்திரம் எழுதிவிட்டார். ஏழு நூற்றாண்டு முந்திவிட்டோம். இதைக் காடிலாக்காரர்களுக்கு யாராவது தெரிவித்தால் நல்லது.

அடியேனின் ஜீப்பில் இவ்வளையம் இரண்டுக்கும் மூன்றுக்கும் மட்டுமே உண்டு. முதல் கியருக்குக் கிடையாது. ஓட்டத்தில் ஒன்றுக்கு இறங்க வேண்டுமானால் கிளட்சை மிதித்து நியூட்ரல், காலை எடுத்து ஆக்சிலேட்டரில் ஓர் உறுமல், மறுபடி கிளட்ச், பிறகு ஒன்று. இல்லையேல் வண்டியை முழுக்க நிறுத்திப் போட வேண்டும். அது நோயன்று, விதி.

உரைமரபுகள்

இவ்வல்லினத்துக்கு மும்பைத் தமிழர்களிடையே பல உரைகள் வழங்குகின்றன.

மாட்டுங்கா மரபு எண்ணெய் மரபு. "டிகாக்‌ஷன் சரியா இல்லேன்னா காபி எப்படிடா சரியா இருக்கும்? எண்ணெயை மாத்து" என்பது மாமாவின் சூத்திரம். இதில் சாரம் உண்டு. ஜிஎல்-5 எண்ணெய் கனத்த பற்களைக் காக்க வந்தது. அதில் கந்தகமும் பாஸ்பரசும் கூடுதல். பழைய பெட்டியில் ஊற்றினால் பித்தளை வளையத்தை அரிக்கலாம்; கூம்பை அளவுக்கு மீறி வழுக்கவும் விடும். உரசிப் பிடிக்க வேண்டிய வளையம் வழுக்கினால் வேகம் எப்படிச் சமனாகும்? ஆகவே ஜிஎல்-4. மாற்றினேன். கியர் அசையவில்லை. குளிரில் எண்ணெய் இறுகியிருக்கும் என்றார் மாமா. ஐரோலியின் ஜனவரியை மாமா பார்த்ததில்லை; இங்கே குளிர் என்பது மின்விசிறியை மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைப்பது.

செம்பூர் மரபு பேரிங் மரபு. ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். ஃப்ளைவீலின் நடுவே பைலட் பேரிங் என்று ஒரு பொடியன் இருக்கிறான். அவன் இறுகிவிட்டால், நீங்கள் கிளட்சை என்னதான் மிதித்தாலும் இஞ்சின் கியர்பெட்டியின் தண்டைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. செலவு மட்டும் பெரிது.

ரபாலே மரபு ஒற்றைச் சூத்திரம் உடையது. மிஸ்திரி கியர்க் கம்பியை ஒருமுறை ஆட்டினார், வானத்தைப் பார்த்தார், "கியர்பாக்ஸ் கோல்னா படேகா" என்றார். பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும் என்பது பொருள். திறந்தபின் என்ன செய்வது என்பதற்கு அவரிடம் உரை இல்லை.

தாராவி மரபு தொலைபேசி வழி வந்தது. நெல்லைப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் அங்கே லாரிகளோடு காலம் கழித்தவர்.

"தம்பி, இஞ்சின அமத்திட்டுப் போட்டுப் பாருங்க."

போட்டேன். மூன்றும் வெண்ணெயில் கத்தியாக விழுந்தன.

"லேசா விழுதுல்லா? அப்போ பெட்டிய ஏன் அறுக்கணும்? ஸ்டார்ட் பண்ணுங்க. கிளட்ச அமுக்கிட்டு அஞ்சு எண்ணுங்க. ரிவர்ஸப் போடுங்க."

கர்ர்ர்.

"கிளட்ச் பிரியல. காலுகிட்ட பாருங்க."

சோதனையின் இலக்கணம்

அண்ணாச்சியின் முறையை வகுத்துச் சொல்வது அடியேன் கடமை. இஞ்சின் நின்றிருக்க, எல்லா கியரும் எளிதாக விழுந்தால் கம்பி, ஃபோர்க், பெட்டி, எண்ணெய் ஆகியவற்றின் மேல் குற்றம் சுமத்துவது கடினம்; குற்றவாளி பெரும்பாலும் கிளட்ச், அரிதாகச் செம்பூரின் பைலட் பேரிங். நின்றபோதும் இறுக்கமானால் மேற்படி உறுப்புகளை விசாரிக்க. ஒரு கியர் மட்டும் முரண்டினால் அதன் வளையம். ஒரே ஃபோர்க் தள்ளும் இரண்டு கியர்கள் சேர்ந்து முரண்டினால் அந்த ஃபோர்க். எல்லாம் முரண்டினால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று. ரிவர்சைச் சாட்சிக்கு அழைத்ததன் காரணம், அதற்கும் வளையம் இல்லை. சமாதானம் பேச ஆளில்லாததால் உள்ளதை உள்ளபடி கத்திவிடும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்சானால் பெடலை நாலைந்து முறை மிதித்துப் பார்க்க. அப்போது மட்டும் கியர் விழுந்தால் குழாயில் காற்று.

கிளட்ச் என்பது சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி. அது முழுதாகப் பிரியாத வண்டி, புள்ளியும் இடைவெளியும் இல்லாமல் எழுதிய ஓலைச்சுவடி. நாங்களோ எழுத்தில் பிழை என்று பாடம் திருத்திக்கொண்டிருந்தோம்.

காலருகே பார்த்தேன். ஜூன் மழையில் கித்தான் கூரை ஒழுகும். தரை ஈரத்தை உறிஞ்சட்டும் என்று ரப்பர் விரிப்பின் அடியில் பழைய தமிழ் வாரப்பத்திரிகைகளை அடுக்கியிருந்தேன். நான்கு மாத மழையைக் குடித்து அவை ஊதிக் கட்டியாகியிருந்தன. பெடல் தரையைத் தொடுமுன் பத்திரிகையைத் தொட்டு நின்றது. எடுத்துப் போட்டேன். கிளட்ச் கம்பியும் தளர்ந்திருந்தது; பெடலில் ஏறக்குறைய ஓர் அங்குலம் வெற்றாட்டம் மட்டும் இருக்கும்படி முறுக்கினேன். கியர் விழுந்தது. அந்தப் பத்திரிகைகளில் அடியேனின் கட்டுரைகளும் இருந்தன என்பதைப் பக்கச்சார்பின்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

புறனடை

கையில் தெரியும் நோய்க்குக் காலில் காரணம் இருக்கலாம் என்பது இந்நூலின் முடிபு. எண்ணெய் மாற்றியதன் பலன் தாமதமாகத் தெரிகிறது என்பது மாட்டுங்காவின் மறுப்பு. செம்பூர்ப் படம் பத்திரமாக இருக்கிறது. முதல் கியர் இன்றும் வண்டி நின்ற பிறகே விழுகிறது. அதற்கு உடம்படுமெய் இல்லை. அதை யாரும் பழுது பார்க்க வேண்டாம்.